வீட்டை வழிபாட்டுக் கூடமாக மாற்ற அனுமதி: 216 சதுர மீட்டர் ஹாலுக்கு என்னென்ன கேட்பார்கள்?

#1 அடிக்கல்

பழைய இரண்டு மாடி வீடு ஒன்றை வழிபாட்டுக் கூடமாக மாற்றும் திட்டம் கையில் இருக்கிறது. தரைத்தளத்தில் உள்சுவர்களை எடுத்துவிட்டுப் பின்பக்கம் கொஞ்சம் நீட்டினால் 18 மீட்டருக்கு 12 மீட்டர், அதாவது 216 சதுர மீட்டரில் ஒரே ஹால் கிடைக்கும். தரையில் உட்கார்ந்துதான் வழிபாடு, நாற்காலி கிடையாது. மாடியில் 80 சதுர மீட்டரில் சாப்பாட்டுக் கூடம், வகுப்புகளும் அங்கேயே. முகப்பில் 22 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம். சாதாரண நாளில் 60 பேர் வருவார்கள், விசேஷ நாளில் 250 வரை போகும்.

வரைபடம் போடுபவர், "விண்ணப்பத்தில் 100 பேர் என்று போட்டுவிடலாம், வேலை சுலபமாக முடியும்" என்கிறார். இது சரியா? எந்த மதம், எந்த ஊர் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. எங்கே கட்டினாலும் பொருந்துகிற விஷயங்களைச் சொன்னால் போதும்.

#2 வரைபலகை

100 பேர் விவகாரத்துக்குத் தீயணைப்புத் துறை ஆட்கள் யாராவது வந்து பதில் சொல்லட்டும். அதற்கு முன்னால் ஒன்று: "அனுமதி" என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறோமே, அதற்குள் மூன்று தனித்தனி அனுமதிகள் இருக்கின்றன.

முதலாவது, அந்த மனையில் வழிபாட்டுத் தலம் வரலாமா என்பது. நில வகைப்பாடும் பயன்பாட்டு மாற்றமும் இதில் அடங்கும். வீடாகப் பதிவான கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் வாரம்தோறும் கூட்டு வழிபாடு நடத்தினாலும் பல ஊர்களில் அது பயன்பாட்டு மாற்றம்தான். இங்கிலாந்தின் கட்டடப் பயன்பாட்டுப் பட்டியலில் வழிபாட்டுக் கட்டடங்கள் முன்பு டி1 வகுப்பில் இருந்தன, 2020 செப்டம்பர் 1 முதல் எஃப்1 வகுப்பு. வீடு சி3. சி3-யிலிருந்து எஃப்1-க்கு மாற முழுத் திட்ட அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் பெருந்திட்ட வரைபடத்திலேயே வழிபாட்டுத் தலத்துக்கென்று தனி நிறத்தில் மனைகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எகிப்தில் தேவாலயம் கட்டுவதற்கென்றே 2016-ல் 80-ஆம் எண் சட்டம் வந்தது. இந்தியாவில் பொதுச் சாலை, பூங்கா, பொது இடங்களில் வழிபாட்டுத் தலங்களை அனுமதியின்றிப் புதிதாகக் கட்டக்கூடாது என்று 2009 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஊரில் இது எந்த அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் உள்ளாட்சி மட்டும், சில இடங்களில் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியும் சேர்ந்து வேண்டும்.

இரண்டாவது, கட்டட அனுமதி. கட்டமைப்பு, தீ, வெளியேறும் வழி, கழிப்பறை, காற்றோட்டம் எல்லாம் இதில் வரும். மூன்றாவது, கட்டி முடித்தபின் வாங்கும் நிறைவுச் சான்று. இது கைக்கு வராமல் ஒரு விளக்குகூட ஏற்றக்கூடாது.

முதல் அனுமதி வராமல் இரண்டாவதற்கான கட்டமைப்பு வரைபடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். முதல் கட்டத்தில் ஒரு மாடியைக் குறைக்கச் சொன்னால் மொத்த வரைபடமும் வீண்.

#3 செலவுக்கணக்கு

மத சுதந்திரம் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கும்போது நில வகைப்பாட்டைக் காட்டித் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருப்பதாகக் கேள்வி.

#4 வரைபலகை

இருக்கிறது. ரலூய்ப்பா என்று சுருக்கிச் சொல்வார்கள், மதங்களின் நிலப் பயன்பாட்டைப் பற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம். மன்றங்கள், அரங்கங்கள் போன்ற மற்ற கூடுமிடங்களை அனுமதிக்கும் பகுதியில் வழிபாட்டுக் கூடத்துக்கு மட்டும் அவற்றைவிடக் கடுமையான நிபந்தனை போடக்கூடாது, மத வழிபாட்டின்மேல் தகுந்த காரணமில்லாமல் பெரும் சுமை ஏற்றக்கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆனால் அது நில வகைப்பாட்டு விதிகளைப் பற்றியது. தீ, கட்டமைப்பு விதிகளிலிருந்து அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. எந்த மதமானாலும் கதவு வெளியேதான் திறக்க வேண்டும்.

#5 வெளிவழி

தலை எண்ணிக்கைக்கு வருகிறேன். 100 என்று எழுதுவது உங்கள் விருப்பம் அல்ல. சோதிக்கிறவர் உங்கள் எண்ணைப் பார்க்க மாட்டார், பரப்பளவை ஒருவருக்கான அளவால் வகுப்பார். நிலையான இருக்கை இல்லாத, நெருக்கமாகக் கூடும் ஹாலுக்கு அமெரிக்காவில் பின்பற்றும் ஐபிசி (சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு) கணக்கில் ஒருவருக்கு 7 சதுர அடி, அதாவது 0.65 சதுர மீட்டர். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-லும் அதே 0.65-தான். 216-ஐ 0.65-ஆல் வகுத்தால் 332 பேர்.

ஆனால் இது நிகரப் பரப்புக்கான கணக்கு. கருவறை, மேடை, பீடம், பொருள் வைக்கும் அறை, மக்கள் நிற்கவே முடியாத இடம் ஆகியவற்றைக் கழிக்கலாம். அவற்றுக்கு 36 சதுர மீட்டர் போனால் மீதி 180, அதற்கு 277 பேர். இந்தக் கழித்தலை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினால்தான் ஏற்பார்கள். வாயால் சொன்னால் ஏற்க மாட்டார்கள். நிலையான பெஞ்சு போடுவதாக இருந்தால் கணக்கே வேறு: பெஞ்சு நீளத்தில் 457 மில்லிமீட்டருக்கு ஒரு தலை.

இந்த 277 எதற்கு முக்கியம் என்றால், ஐபிசியில் சில எல்லைகள் உண்டு:

50-ஐத் தொட்டால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டு வைத்தால் அது தள்ளினால் திறக்கும் பேனிக் பாராக இருக்க வேண்டும். இரண்டாவது வழியும் வேண்டும். 300-ஐத் தொட்டால் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் அமைப்பு), தீ எச்சரிக்கை அமைப்பு. 500-ஐத் தாண்டினால் மூன்று வழி, 1000-ஐத் தாண்டினால் நான்கு. (என்எஃப்பிஏ 101 என்ற இன்னொரு அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிநூலில் பேனிக் பாருக்கான எல்லை 100. எந்த நூல் உங்கள் ஊரில் நடைமுறையில் இருக்கிறதோ அதைப் பாருங்கள்.)

277 என்பதால் 300-க்குக் கீழே தப்பித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். மாடியில் 80 சதுர மீட்டர் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறதே, மேசை போட்ட இடத்துக்கு ஒருவருக்கு 1.4 சதுர மீட்டர். 57 பேர். மொத்தம் 334. இரண்டு தளத்தையும் தீ தடுக்கும் தளமும் சுவரும் போட்டுப் பிரிக்கவில்லை என்றால் ஒன்றாகவே எண்ணுவார்கள். அதுபோக, நேராக வெளியே போக முடியாத மாடியில் கூடுமிடம் வந்தாலே ஐபிசியில் ஸ்பிரிங்க்ளர் கேட்கும், எண்ணிக்கை 300-ஐத் தொடாவிட்டாலும். மாடிக் கூடத்தை 68 சதுர மீட்டருக்குள் அடக்கினால் அது 50-க்குக் கீழே வந்து, துணை அறையாக எண்ணப்படும். இரண்டு தளத்தையும் தீ தடுக்கும்படி பிரித்தும் விட்டால், 12 சதுர மீட்டரைக் குறைத்து ஒரு பம்பு அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் மிச்சம் பிடிக்கலாம்.

ஸ்பிரிங்க்ளரைத் தவிர்ப்பது நல்லதா என்று கேட்டால், என் கருத்து: வேண்டாம், போட்டுவிடுங்கள். எகிப்தில் கீசாவின் இம்பாபா பகுதியில் 2022 ஆகஸ்ட் 14 அன்று ஒரு தேவாலயத்தில் 41 பேர் இறந்தார்கள். ஏசி ஒன்றில் மின்கோளாறு என்றார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. நெருக்கமான தெருவில் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் இயங்கிய தேவாலயம் அது, குறுகிய படி, மாடியில் பிள்ளைகளின் வகுப்புகள். இந்த இழையின் முதல் பதிவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#6 செலவுக்கணக்கு

277 பேருக்கு எத்தனை கதவு, எவ்வளவு அகலம்? இரண்டு கதவு போதும்தானே?

#7 வெளிவழி

எண்ணிக்கையில் இரண்டு போதும். அகலம் வேறு கணக்கு. சமதளத்தில் ஒரு தலைக்கு ஐபிசியில் 5.1 மில்லிமீட்டர், இந்திய விதியில் 6.5. முதலாவதற்கு சுமார் 1,413 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 1,800.5. ஒவ்வொன்றும் 900 என்று இரண்டு கதவு வைத்தால் 1,800. அரை மில்லிமீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்களா என்று சிரிக்க வேண்டாம், அனுப்புவார்கள். 1,200 வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 900 என்பது கதவு ஃபிரேமின் அகலம் அல்ல. கதவை 90 டிகிரி திறந்தபின் கதவுப் பலகையின் கனத்தையும் கீலையும் கழித்து உண்மையில் மிஞ்சுகிற இடைவெளி. 900 மில்லிமீட்டர் ஃபிரேம் வாங்கினால் 800-ஐ ஒட்டித்தான் மிஞ்சும். வரைபடத்தில் 900, கட்டடத்தில் 800 என்று நிறைவுச் சான்று நேரத்தில் மாட்டுகிற இடம் இதுதான்.

இரண்டு கதவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது ஒரு கதவுதான். ஹாலின் மூலைவிட்டத்தில் பாதி தூரமாவது இடைவெளி வேண்டும். 18-க்கு 12 ஹாலில் மூலைவிட்டம் 21.6 மீட்டர், பாதி 10.8. ஸ்பிரிங்க்ளர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, 7.2 மீட்டர்.

மாடிப்படி எங்கே இறங்குகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய வீடுகளில் படி பெரும்பாலும் கூடத்துக்குள்தான் இறங்கும். மாடியிலிருக்கும் 57 பேர் புகை நிறைந்த ஹாலுக்குள் இறங்கித்தான் வெளியேற வேண்டும் என்றால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. படியைத் தீ தடுக்கும் சுவரால் அடைத்து நேராக வெளியே விடுங்கள்.

இன்னொன்று, எந்த விதிநூலும் தனியாகச் சொல்லாதது: செருப்பு. காலணி கழற்றும் வழிபாடு என்றால் 277 சோடியும் வாசலில்தான் குவியும். 1,200 மில்லிமீட்டர் கதவுக்கு முன்னால் ஒரு மேடு. இருட்டில், புகையில், முதலில் ஓடுகிறவர் அதில்தான் தடுக்கி விழுவார். ஐந்து தட்டு அலமாரியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 சோடி பிடிக்கும். 14 மீட்டர் அலமாரி வேண்டும். அது பாதைக்கு வெளியே, பக்கவாட்டில். இதை வரைபடத்திலேயே காட்டினால் தீயணைப்பு அதிகாரி முகத்தில் ஒரு மாற்றம் தெரியும்.

#8 நிலைப்பொறி

எல்லாம் சரி, அந்த வீடு தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுத் தளத்துக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநூலின் இரண்டாம் பாகத்தில் உயிர்ச்சுமை (ஆட்கள், பொருள்கள் என வந்துபோகும் சுமை) சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். கூடுமிடத்தில் நிலையான இருக்கை இருந்தால் 4, இல்லாவிட்டால் 5. அமெரிக்கக் கணக்கிலும் ஏறத்தாழ அப்படித்தான்: வீட்டுக்கு சதுர அடிக்கு 40 பவுண்டு, நகரும் இருக்கை உள்ள கூடத்துக்கு 100. ஆக, மாடியில் நீங்கள் கேட்கும் சுமை அது வடிவமைக்கப்பட்டதைப்போல் இரண்டரை மடங்கு. நிலநடுக்கக் கணக்கிலும் கூடுமிடத்துக்கு முக்கியத்துவக் காரணி, அதாவது நிலநடுக்க விசையைப் பெருக்கும் எண், கூடும். நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 1893, 2016 பதிப்பில் பெரிய கூடங்களுக்கு 1.5.

பழைய வரைபடம் இல்லை என்றால் கம்பி தேடும் கருவியால் ஸ்லாபிலும் பீமிலும் கம்பி எங்கே, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கான்கிரீட்டில் கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அஸ்திவாரத்தை இரண்டு இடத்தில் தோண்டி ஃபுட்டிங் அளவைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்தது, "உள்சுவர்களை எடுத்துவிட்டு" என்ற அந்த இரண்டு சொல். பில்லர் இல்லாத சுவர்க் கட்டடம் என்றால் அந்தச் சுவர்கள்தான் மாடியைத் தாங்குகின்றன. எடுத்தால் 12 மீட்டருக்குப் பீம் போட வேண்டும். கான்கிரீட் பீமின் ஆழம் தோராயமாக நீளத்தில் 12-ல் ஒரு பங்கு முதல் 15-ல் ஒரு பங்கு. 800 மில்லிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. வீட்டின் உயரம் 3 மீட்டர் என்றால் பீமுக்குக் கீழே மிஞ்சுவது 2 மீட்டர் சொச்சம். 277 பேர் உட்காரும் ஹாலில் கையைத் தூக்கினால் பீம் இடிக்கும். காற்றோட்டமும் சரியாக இருக்காது, ஒலியும் சரியாக இருக்காது, அனுமதியும் வராது.

என் பரிந்துரை ஒன்றே: வீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அலுவலகம், கிடங்கு, காலணி, கழிப்பறை எல்லாம் தரைத்தளத்தில். ஹாலைப் பின்னால் தனிக் கட்டமைப்பாக, ஒரே தளமாக, உயரமான கூரையோடு புதிதாகக் கட்டுங்கள். ஸ்டீல் டிரஸ்ஸில் (முக்கோணங்களாகப் பின்னிய இரும்புச் சட்டகம்) 12 மீட்டர் ஒன்றுமே இல்லை. பழையதற்கும் புதியதற்கும் நடுவில் விரிவு இணைப்பு (இரண்டும் தனித்தனியாக அசைய ஒரு இடைவெளி) விட்டுவிடுங்கள். சுவரை உடைத்து வலுப்படுத்துகிற செலவில் புதிய ஹாலின் பாதி எழும்பிவிடும்.

#9 அடிக்கல்

மிக நன்றி. புதிய ஹால் கட்டினால், பிற்பாடு கூட்டம் பெருகும்போது அதன்மேல் இன்னொரு தளம் எழுப்பலாம் இல்லையா?

#10 நிலைப்பொறி

டிரஸ் கூரை போட்டபின் முடியாது. கான்கிரீட் தளம் வேண்டும் என்றால் இப்போதே பில்லரையும் ஃபுட்டிங்கையும் இரண்டு தளத்துக்கு வடிவமைத்து, அதை வரைபடத்தில் எழுதி, அனுமதி வாங்கி வையுங்கள். கம்பியை மேலே நீட்டி விட்டுப்போவது மட்டும் வடிவமைப்பு ஆகாது.

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோவில் 2025 செப்டம்பர் 29-ல் ஓர் உறைவிட மதப்பள்ளியின் தொழுகைக் கூடம் இடிந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பதின்பருவ மாணவர்கள். மேலே கூடுதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள், கீழே தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஈரக் கான்கிரீட்டின் எடை ஒரு கனமீட்டருக்கு 2.4 டன். அது இறுகும் வரை முழுச் சுமையும் கீழ்த்தளத்தின்மேல்தான் நிற்கும். மேலே வேலை நடக்கும்போது கீழே ஒரு தலைகூட இருக்கக்கூடாது. கட்டுமானத்தின்போது வழிபாடு எங்கே நடக்கும் என்ற கேள்விக்கு விண்ணப்பத்திலேயே பதில் எழுதுங்கள்.

கோபுரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 22 மீட்டர் கோபுரத்துக்குத் தனி அஸ்திவாரம். ஹாலின் ஃபுட்டிங்கோடு சேர்த்தால் கோபுரம் அதிகமாக இறங்கி, இரண்டும் சேரும் மூலையில் சுவர் சாய்வாக வெடிக்கும். மண் பரிசோதனையில் ஒரு துளையாவது கோபுரத்தின் நடுப்புள்ளியில் போடச் சொல்லுங்கள். ஹாலில் போட்ட துளையின் அறிக்கையைக் கோபுரத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துவது பரவலான குறுக்குவழி.

#11 இடிதாங்கி

கோபுரம் என்றதும் வந்துவிட்டேன்.

பல ஊர்களின் விதிகளில் ஆள் போகாத கோபுரம், மினார், சிகரம், மணிக்கூண்டு ஆகியவற்றைக் கட்டட உயர வரம்பில் சேர்ப்பதில்லை. ஆனால் அது தானாகக் கிடைக்கும் சலுகை அல்ல, வரைபடத்தில் "ஆள் போகாத அமைப்பு" என்று எழுத வேண்டும். உள்ளே ஏணிக்குப் பதில் படிக்கட்டு வரைந்தால் சலுகை போயிற்று. விமானநிலையப் பாதைக்குக் கீழே மனை இருந்தால் வான்போக்குவரத்து ஆணையத்தின் தடையில்லாச் சான்று தனி. அமெரிக்காவில் 61 மீட்டரைத் தாண்டும் எந்த அமைப்புக்கும் முன்னறிவிப்பு கட்டாயம், ஓடுபாதைக்குப் பக்கத்தில் அதைவிடக் குறைந்த உயரத்துக்கே. 22 மீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள், தூரத்தைப் பாருங்கள்.

இந்தியாவில் மனைக்குப் பக்கத்தில் மத்திய அரசு பாதுகாக்கும் தொல்லியல் சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு, அதாவது 300 மீட்டர் வரை, அனுமதியோடு. 2010 திருத்தம்.

சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பர் 29 பொதுவாக்கெடுப்பில் 57.5 சதவீதம் பேர் ஆதரித்து, புதிய மினார் கட்டுவதையே அரசியல் சட்டத்தில் தடை செய்தார்கள். அந்த மாதிரி இடத்தில் உயரக் கணக்கெல்லாம் உதவாது.

இடிதாங்கிக்கு ஐஇசி 62305 என்ற சர்வதேசத் தரநூல். முதலில் அபாயக் கணக்கு, அதிலிருந்து பாதுகாப்பு வகுப்பு. மூன்றாம் வகுப்பு என்றால் மின்னலை மண்ணுக்கு இறக்கும் இறங்கு கம்பிகளுக்கு இடையே 15 மீட்டர், நான்காம் வகுப்பு 20. ஆனால் குறைந்தது இரண்டு. ஒற்றைக் கம்பியைக் கோபுரத்தின் பின்பக்கம் இறக்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள், அது போதாது. உச்சியில் கலசம், சிலுவை, பிறை என்று எந்த உலோகம் வைத்தாலும் அதைக் கம்பியோடு இணைக்க வேண்டும். இணைக்காமல் அதற்குப் பக்கத்தில் தனிக் கம்பி நட்டால் மின்னல் உலோகத்திலிருந்து கம்பிக்குத் தாவும், நடுவில் இருக்கும் கான்கிரீட் தெறிக்கும். ஒலிபெருக்கி வயர் அதே கோபுரத்தில் ஏறினால் அலைமிகை தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) இல்லாமல் விடாதீர்கள். ஒரு இடியில் ஆம்ப்ளிஃபயர் போகும்.

#12 ஒலியோட்டம்

ஒலிபெருக்கிக்கு நான். அக்கம்பக்கத்து ஆட்சேபணைகளில் பெரும்பாலானவை மதத்தைப் பற்றியோ கோபுரத்தைப் பற்றியோ வருவதில்லை. இரண்டே விஷயம்: சத்தம், வண்டி.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற பல நாடுகளிலும் எண்கள் இதை ஒட்டித்தான். ஒரு ஹார்ன் ஸ்பீக்கர் ஒரு மீட்டரில் 100 டெசிபல் கொடுத்தால், தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் வீதம் குறைந்து 10 மீட்டரில் 80, 20 மீட்டரில் 74. 55-க்கு வர 180 மீட்டர் போக வேண்டும். எந்த மனையும் அவ்வளவு பெரிது அல்ல.

ஆகவே வெளி ஹார்னை விட்டுவிடுங்கள். உள்ளே தூணுக்குத் தூண் சின்ன ஸ்பீக்கர், கூட்டத்தைப் பார்த்துக் கீழ்நோக்கி. ஒலி குறைவாகவே வைத்தாலும் கடைசி வரிசைக்குத் தெளிவாகப் போகும். ஹாலின் எதிரொலி நேரம் உரைக்கு ஒரு வினாடிக்கு அருகில் இருக்கட்டும். பளிங்குத் தரை, கண்ணாடி, வெற்றுச் சுவர் வைத்தால் அது மூன்று வினாடி போகும், ஓதுவது ஒன்றும் புரியாது, உடனே வால்யூமை ஏற்றுவார்கள். குவிமாடம் போட்டால் உள்பரப்பில் ஒலி உறிஞ்சும் பூச்சு கட்டாயம். இல்லாவிட்டால் நடுவில் நிற்பவருக்கு அவர் குரலே தலையில் திரும்பி விழும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் சுவர் தடுக்கும் சத்தமெல்லாம் வெளியே போய்விடும். ஆகவே மூட வேண்டும். மூடினால் காற்று வேண்டும். ஆஷ்ரே 62.1 என்ற அமெரிக்கக் காற்றோட்டத் தரநூலின் கணக்கில் வழிபாட்டுக் கூடத்துக்குத் தலைக்கு வினாடிக்கு 2.5 லிட்டர், சதுர மீட்டருக்கு 0.3. உங்கள் 277 பேருக்கும் 180 சதுர மீட்டருக்கும் சேர்த்து வினாடிக்கு சுமார் 750 லிட்டர் வெளிக்காற்று. இது குறைந்தபட்சம்தான். விளக்கு, ஊதுவத்தி, மெழுகுவத்தி, சாம்பிராணி இருந்தால் அதற்குத் தனியாக உறிஞ்சி வேண்டும்.

அதே புகை இன்னொரு சிக்கலையும் தரும். ஹால் முழுக்கப் புகை உணரி வைத்தால் வழிபாட்டின் நடுவில் தினமும் அலாரம் அடிக்கும். இரண்டாம் வாரம் யாராவது அதன் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். சுடர் இருக்கும் பகுதிக்கு வெப்ப உணரி, மற்ற இடத்துக்குப் புகை உணரி என்று பிரித்து வரையுங்கள்.

#13 நீர்வழி

கழிப்பறை: ஐபிசியில் வழிபாட்டுத் தலத்துக்கு ஆண்கள் 150 பேருக்கு ஒன்று, பெண்கள் 75 பேருக்கு ஒன்று. 277-ஐப் பாதியாகப் பிரித்தால் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு இரண்டு. இது சட்டத்துக்குப் போதும், மக்களுக்குப் போதாது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வருகிற இடம் அது.

கைகால் கழுவும் இடம் இருந்தால் குழாய்க்குக் குழாய் 80 சென்டிமீட்டராவது இடைவெளி, உட்கார மேடை, வழுக்காத ஓடு, தரைச் சரிவு 50-க்கு 1. மழைநீர்க் குழாயில் அதை இணைத்துவிட்டு நிறைவுச் சான்றுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

சாய்தளம்: 12-க்கு 1. தரைமட்டத்தை 900 மில்லிமீட்டர் உயர்த்திக் கட்டினால் சாய்தளம் மட்டும் 10.8 மீட்டர். ஒரே ஓட்டத்தில் 760 மில்லிமீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பதால் நடுவில் 1.5 மீட்டர் தளமும் வேண்டும். முகப்பில் அவ்வளவு இடம் இருக்கிறதா? கட்டடத்தின் தரைமட்ட உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டுச் சாய்தளத்தைக் கடைசியில் யோசிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். அமெரிக்காவில் ஊனமுற்றோர் சட்டத்திலிருந்து மத அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் கட்டட விதியில் அந்த விலக்கு இல்லை.

#14 வரைபலகை

வண்டி நிறுத்தத்துக்கு எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் உள்ளாட்சி அட்டவணைதான் பதில். கவனிக்க வேண்டியது அதுவல்ல. ஒரு வழிபாடு முடிந்து வெளியேறுகிறவர்களும் அடுத்ததற்கு வருகிறவர்களும் மோதும் அரை மணி நேரம். இரண்டு வேளைக்கும் நடுவில் 45 நிமிடம் விட்டு, அந்த நேர அட்டவணையையே விண்ணப்பத்தோடு இணையுங்கள். பக்கத்துக் கடை அல்லது பள்ளியின் வண்டி நிறுத்தத்தை விசேஷ நாளில் பயன்படுத்துவதாக இருந்தால் எழுத்து மூலம் ஒப்பந்தம். "சொல்லி வைத்திருக்கிறோம்" என்பது கோப்பில் ஏறாது.

ஆட்சேபணைக்கான அறிவிப்புக் காலம் தொடங்கும் முன்பே சுற்றியுள்ள வீடுகளுக்கு வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நேரம், ஒலி, வண்டி, குப்பை. இந்த நாலுக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதிக் கொடுங்கள். அதிகாரி கேட்பதற்கு முன்னால் நீங்களே நிபந்தனையாக ஒப்புக்கொண்டால், அவர் போடுகிற நிபந்தனை பெரும்பாலும் அதைவிடக் கடுமையாக இருக்காது.

மனை அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா, தனிநபர் பெயரில் இருக்கிறதா? விண்ணப்பதாரர் பெயரும் பத்திரப் பெயரும் ஒத்துப்போகாமல் கிடப்பில் கிடக்கும் கோப்புகள் ஏராளம். கையெழுத்துப் போடும் அறங்காவலருக்குத் தீர்மான நகல் வேண்டும்.

திறப்பு விழா நாளை இப்போதே குறித்துவிடாதீர்கள். அழைப்பிதழ் அடித்தபின் நிறைவுச் சான்று வரவில்லை என்றால் எல்லோரும் அதிகாரியின் மேல் பாய்வார்கள். உண்மையில் கதவின் கீலோ பேனிக் பாரோ இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

#15 அடிக்கல்

வரைபடம் போடுபவரிடம் பேசியாயிற்று. ஹால் பின்னால் தனியாக, ஒரே தளம். சாப்பாட்டுக் கூடம் பழைய வீட்டின் தரைத்தளத்துக்கு இறங்கிவிட்டது. மாடியில் அலுவலகம் மட்டும். விண்ணப்பத்தில் 277.

ஒன்று மிச்சம். விசேஷ நாளில் 277-ஐத் தாண்டினால் முற்றத்தில் பந்தல் போடலாமா? அது கட்டடம் இல்லையே.

#16 வெளிவழி

கட்டடம் இல்லைதான், ஆனால் தற்காலிக அமைப்பு. அதற்குத் தனி அனுமதி வேண்டும். சர்வதேசத் தீ விதியில் 37 சதுர மீட்டரைத் தாண்டும் மூடிய பந்தலுக்கு அனுமதி கட்டாயம், நாலு பக்கமும் திறந்திருந்தால் 65 வரை விட்டுவிடுவார்கள். துணிக்குத் தீ பரவாத் தன்மைச் சான்று கேட்பார்கள். சான்று துணி வாடகைக்குக் கொடுப்பவரிடம் இருக்கும், முதல் வாரமே கேட்டு வாங்குங்கள், அன்றைக்குக் காலையில் கேட்டால் கிடைக்காது.

பந்தலின் கால் ஹாலின் இரண்டாவது கதவுக்கு முன்னால் வரக்கூடாது. எல்லாரும் அங்கேதான் நடுவார்கள், நிழல் அங்கேதான் தேவைப்படும். கதவு திறக்கும் அரைவட்டத்துக்கு அப்பால் 1,200 மில்லிமீட்டர் அகலத்தில் தெரு வரை ஒரு பாதையைத் தரையில் பெயின்ட் அடித்துக் குறித்துவிடுங்கள், அதற்குள் கால் நடக்கூடாது. தீயணைப்பு வண்டிக்கு 6 மீட்டர் அகலப் பாதை தனி. சமையல் பந்தலுக்குள் வேண்டாம், காஸ் சிலிண்டர் சுற்றுச்சுவரின் அந்தப் பக்கம்.

பந்தலில் எத்தனை பேர் என்பதற்கும் அதே 0.65-தான். அதை முற்றத்தின் வரைபடமாக இப்போதே இந்தக் கோப்பிலேயே இணைத்துவிட்டால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வரைய வேண்டியதில்லை, தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.